தௌலதாபாத் கோட்டையும் வாசலில் இருந்த குளமும்

தௌலதாபாத் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருகிறவர் ஒரே ஒருவர்தான்: முகமது பின் துக்ளக். டெல்லியிலிருந்து தலைநகரைத் தூக்கிக்கொண்டு போனார், கொஞ்ச காலத்தில் திரும்பி வந்தார் என்று பள்ளியில் இரண்டு வரி படித்தோம். மீதியை சோ ராமசாமியின் நாடகமும் சினிமாவும் நமக்குள் எழுதிவிட்டன. கோமாளித்தனமான ஆட்சிக்கு 'துக்ளக் தர்பார்' என்று பெயர் வைத்து, அந்தக் கோட்டையை ஒரு சிரிப்போடு முடித்துக்கொண்டோம்.

அதே கோட்டைக்கு 1934இல் இன்னொருவர் போனார். டாக்டர் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர், லண்டன் வட்டமேசை மாநாடுகள் மூன்றிலும் கலந்துகொண்டவர், பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவரை உள்ளே விட்டார்கள். தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாயையும் கூடவே அனுப்பினார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு இந்தச் சம்பவம் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களிலும் பலர் அதைத் தங்களுக்கு வசதியான ஒரு பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோட்டையின் முழு வரலாற்றோடு சேர்த்து வைத்தால்தான் அந்தச் சம்பவத்தின் பொருள் முழுதாகத் தெரியும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

மலையை வெட்டியவர்கள்

மகாராஷ்டிராவின் அவுரங்காபாத் நகரிலிருந்து எல்லோரா செல்லும் சாலையில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தௌலதாபாத். நகரத்துக்கு இப்போதைய அரசுப் பெயர் சத்ரபதி சம்பாஜி நகர். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் கூம்பு வடிவ மலை; ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். மலையின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் பாறையைச் செங்குத்தாகச் செதுக்கி, உடும்புகூடப் பிடித்து ஏற முடியாத சுவராக ஆக்கியிருக்கிறார்கள். சுவரின் காலடியில் பாறையையே குடைந்த அகழி. அதைக் கடக்கக் குறுகலான ஒரே ஒரு வழி. கடந்தால் 'அந்தேரி' என்று சொல்லப்படும் இருட்டுச் சுரங்கப்பாதை. வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் எதிரி படை நுழைந்தால், மேல்முனையை இரும்புத் தகட்டால் மூடித் தீ வைத்துப் புகையிலேயே மூச்சுமுட்ட வைக்கலாம். அதைத் தாண்டினால்தான் உச்சிக்குப் படிகள்.

இவ்வளவையும் இயந்திரம் இல்லாத காலத்தில் செய்திருக்கிறார்கள். உளி, சுத்தியல், கூடை, மனித முதுகு. எல்லோராவில் மேலிருந்து கீழாக ஒரு மலையையே வெட்டிக் கைலாசநாதர் கோயிலாக்கிய கல்தச்சு மரபு இந்த வட்டாரத்தில் ஏற்கனவே இருந்தது. கோயிலுக்கும் விகாரைக்கும் பாறை வெட்டிய மண்ணில்தான் கோட்டைக்கும் வெட்டினார்கள்.

வரலாற்று நூல்கள் 'பில்லமன் கட்டினான்', 'துக்ளக் விரிவாக்கினார்' என்று எழுதுகின்றன. சமூகவியல் படித்தவர்கள் இந்த வாக்கியங்களில் கொஞ்சம் நின்றே ஆக வேண்டும். அரசன் கட்டளையிட்டான், சரி. வெட்டியது யார்? அவர்களுக்குக் கூலி கிடைத்ததா, அது வெட்டியா? வெட்டிய கல் மேல் விழுந்து செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? சாதிச் சமூகத்தில் இந்தக் கேள்விகளுக்கான விடைகள் தற்செயலாக அமைவதில்லை. கல் உடைப்பதும் மண் சுமப்பதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் எந்தப் பிறப்பின் தலையில் எழுதப்பட்டன என்பது நமக்குத் தெரியாத ஒன்றல்ல.

கொடிகள் மாறிய வரலாறு

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்தாம் பில்லமன் இந்த மலையைத் தலைநகராக்கியபோது இதன் பெயர் தேவகிரி. ஆண்டவர்கள் சேவுண யாதவர்கள். மகாதேவன், இராமச்சந்திரன் என்ற இரண்டு யாதவ மன்னர்களிடமும் அமைச்சராக இருந்தவர் ஹேமாத்ரி. விரதம், தானம், தீர்த்தம், சிராத்தம் என்று வைதிகச் சடங்குகளை எல்லாம் திரட்டி, 'சதுர்வர்க்க சிந்தாமணி' என்ற பெரும் தொகுப்பை எழுதியவர் அவர். எந்தத் திதியில் எந்த விரதம், பிராமணருக்கு என்ன தானம் என்று பக்கம் பக்கமாகப் போகும் நூல். கோட்டையின் கல்மதில் ஒருபுறம் எழும்பிக்கொண்டிருந்த ஆட்சியில்தான், அதன் நிர்வாகத் தலைவர் சாத்திர மதிலையும் எழுப்பிக்கொண்டிருந்தார்.

1296இல் அலாவுதீன் கில்ஜி திடீரென்று படையோடு வந்து தேவகிரியை முற்றுகையிட்டார். அவசரத்தில் கோட்டைக்குள் ஏற்றிய மூட்டைகளைத் தானியம் என்று நினைத்திருக்கிறார்கள். பிரித்தபோது உள்ளே இருந்தது உப்பு என்று பழைய வரலாற்றாசிரியர்கள் கதை சொல்கிறார்கள். இராமச்சந்திரன் பெரும் செல்வத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். பின்னர் மாலிக் காபூரும் படையெடுத்து வந்தார். 1318 வாக்கில் யாதவ ஆட்சி முடிந்தது. கோயில் தூண்களைக் கொண்டு கோட்டைக்குள் பெரிய மசூதி ஒன்று எழுந்தது.

1327இல் துக்ளக் இதைத் தலைநகராக்கித் தௌலதாபாத் என்று பெயரிட்டார். உலகம் சுற்றிய இபின் பதூதாவும் இங்கே வந்திருக்கிறார். கோட்டையின் பாதாளச் சிறையில் பூனையைவிடப் பெரிய எலிகள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். 1347இல் பாமினி சுல்தானகம் பிறந்தது இந்த ஊரில்தான். 15ஆம் நூற்றாண்டில் பாமினிகள் சாந்த் மினார் என்ற கோபுரத்தை எழுப்பினார்கள். 1499இல் அகமதுநகர் நிஜாம் ஷாகிகள் கைப்பற்றினார்கள். 1633இல் முகலாயர்கள். 1687இல் கோல்கொண்டா வீழ்ந்த பிறகு, அதன் கடைசி சுல்தான் அபுல் ஹசன் சாகும்வரை அடைபட்டுக் கிடந்ததும் இந்தக் கோட்டையில்தான். 18ஆம் நூற்றாண்டில் ஐதராபாத் நிஜாம் வசம் போனது; நடுவில் சிறிது காலம் மராத்தியர் கையிலும் இருந்தது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு, கோயில் தூண்களால் கட்டிய அந்த மசூதி மண்டபத்தில் பாரதமாதா சிலை வைக்கப்பட்டது. இன்று அதைப் பாரதமாதா மந்திர் என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் நான் ஒரு பெயரைத் தனியாக வைத்திருக்கிறேன்: மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, சிறு வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறித் தக்காணம் வந்து சேர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஜாம் ஷாகி அரசை நடத்தியவரும் ஜகாங்கீரின் படைகளைத் திணறடித்தவரும் இவர்தான். தௌலதாபாத் அவர் கைக்குள் இருந்தது. பக்கத்தில் கட்கி என்ற ஊரை நகரமாக்கினார். அதுதான் பின்னாளில் அவுரங்காபாத் ஆனது. நிலத்தடிக் கால்வாய் வெட்டி அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். 'நஹர்-இ-அம்பரி' என்று அந்த நீர்வழிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர் ஒரே தலைமுறையில் அரசு நடத்தி, ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொடுக்க முடிந்தது. அந்தத் தண்ணீரை யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. அவர் இறந்து 300 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வட்டாரத்தில், உலகப் பல்கலைக்கழகங்களில் படித்த ஒருவரின் கூட்டம் முகம் கழுவியதும் குளம் தீட்டாகிவிட்டது. அடிமைத்தனம் கொடூரமானது, ஆனால் அதிலிருந்து வெளியேற ஒரு கதவு எங்கோ இருந்தது. தீண்டாமைக்கு அப்படி ஒரு கதவு வைக்கப்படவில்லை. அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு அம்பேத்கர் விரிவாக எழுதியதை இந்தக் கோட்டையின் முன் நின்று படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

சோகாமேளர் மேல் விழுந்த சுவர்

மன்னர்களின் வரிசைக்கு வெளியே இன்னொரு வரிசை இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில், அதே மராட்டிய மண்ணில் வாழ்ந்தவர் சோகாமேளர். மகர் சாதியில் பிறந்த பக்திக் கவிஞர். அவர் மனைவி சோயராபாயும் கவிஞர். பண்டரிபுரம் விட்டலன் மேல் உயிரை வைத்திருந்தார் சோகாமேளர். கோயிலுக்குள் போக மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. அவருடைய மரணத்தைப் பற்றி வார்கரி மரபு சொல்வதைக் கேளுங்கள். மங்கள்வேடா என்ற ஊரின் மதிலைக் கட்டும் வேலைக்கு மகர்களைப் பிடித்துப் போனார்கள். கட்டிக்கொண்டிருந்தபோதே சுவர் இடிந்து விழுந்து, பலரோடு சோகாமேளரும் நசுங்கிச் செத்தார். எந்த எலும்பு யாருடையது என்று தெரியவில்லை. ஓர் எலும்பிலிருந்து விட்டலன் பெயர் கேட்டதாம். அதை வைத்து அடையாளம் கண்டு, பண்டரிபுரம் கோயில் வாசலில் கொண்டுபோய்ப் புதைத்தார்களாம்.

எலும்பு பேசியதை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையின் மற்ற பகுதி எவ்வளவு சாதாரணமாகச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். மதில் கட்ட மகர்களைப் பிடித்துப் போவது, சுவர் இடிந்து கூட்டமாகச் சாவது, பிணங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கக்கூட முடியாமல் போவது. இவை எதையும் பக்தர்கள் அதிசயமாகச் சொல்லவில்லை. அதிசயம் எலும்பு மட்டும்தான். இடைக்கால மதில்களைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு, மன்னர்களின் கல்வெட்டைவிட நேர்மையான சாட்சியம் இந்தப் புராணத்துக்குள் இருக்கிறது.

பிற்கால மராட்டிய மலைக்கோட்டைகளிலும் இதே அமைப்புதான். மகர்களும் மாங்குகளும் ராமோஷிகளும் கோலிகளும் மலையடிவாரக் காட்டில் காவல் இருந்தார்கள். எதிரி வருகிறானா என்று பார்ப்பது, கோட்டைக்கு விறகும் புல்லும் சுமந்து கொடுப்பது அவர்கள் வேலை. கோட்டையைக் காத்தவர்களின் குடியிருப்பு கோட்டைக்கு வெளியே. ஊரைச் சுமந்தவர்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே. சேரி என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1934

இப்போது அந்தப் பயணத்துக்கு வருவோம். இயக்கத் தோழர்கள் சிலர் ஒரு சுற்றுலா போக ஆசைப்பட்டார்கள். வேரூல், அதாவது எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் கட்டாயம் பார்ப்பது என்று முடிவானது. நாசிக்கில் கூடி அங்கிருந்து கிளம்பினார்கள். ஏறத்தாழ 30 பேர். பயணத் திட்டத்தை வேண்டுமென்றே அறிவிக்கவில்லை. தீண்டத்தகாதவர்கள் என்று தெரிந்தால் வழியில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கும் ஊர்களில் இருந்த நம் மக்களுக்கு மட்டும் தகவல் சொல்லியிருந்தார்கள்.

தௌலதாபாத்தின் நுழைவாயிலில் உள்ளூர் மக்கள் காத்திருந்தார்கள். இறங்கித் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அழைத்தார்கள். இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும், திரும்பி வந்து குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டிகள் நேராகக் கோட்டைக்குப் போயின. கோட்டை வாசலுக்கு வெளியே நிறைந்து தளும்பும் ஒரு சிறிய குளம். சுற்றிலும் கல் பாவிய தளம். உடம்பெல்லாம் பயணத் தூசி. சிலர் குளத்துத் தண்ணீரில் முகமும் காலும் கழுவிக்கொண்டார்கள். பிறகு வாசலுக்குப் போய், உள்ளே செல்ல அனுமதி வாங்குவது எப்படி என்று காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து வெண்தாடி வைத்த ஒரு முஸ்லிம் முதியவர், 'தேட்' குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு வந்தார். 'தேட்' என்பது மகர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். கூட்டம் சேர்ந்தது. வசை பொழிந்தது. கலவரமாகி, கொலைவரை போயிருக்கக்கூடிய நிலை என்று அம்பேத்கரே எழுதுகிறார். ஓர் இளைஞர், ஒவ்வொருவரும் அவரவர் மதத்தின்படி நடக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதாவது, தாழ்ந்து கிடப்பதுதான் உங்கள் மதம், அதை மீறாதீர்கள் என்று பொருள். பொறுமையிழந்த அம்பேத்கர் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உன் மதம் இதைத்தான் கற்பிக்கிறதா? இந்தத் தீண்டத்தகாதவர் முஸ்லிமாக மாறிவிட்டால் அப்போதும் இந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுப்பாயா?

கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. காவலர் பெயரைக் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் அம்பேத்கர். தாள் உள்ளே போனது. திரும்பி வந்த பதில்: கோட்டைக்குள் போகலாம், தண்ணீரைத் தொடக் கூடாது. உடன் ஒரு சிப்பாய்.

அந்த ஆண்டைச் சுற்றி என்னென்ன நடந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மகாட் சௌதார் குளத்தில் தண்ணீர் எடுத்துப் போராடியது 1927 மார்ச் 20. அந்தக் குளம் பற்றிய வழக்கு 1934இலும் முடியவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1937 மார்ச் 17இல்தான். நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் 1930இல் தொடங்கி, வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டிருந்தது. நாசிக்கிலிருந்து தௌலதாபாத் போன வழியில் அவர்கள் கடந்த ஓர் ஊர் யேவலா. அடுத்த ஆண்டு, 1935 அக்டோபர் 13 அன்று, அதே யேவலாவில்தான் அம்பேத்கர் தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார்.

பாதியில் நிறுத்தும் இரண்டு வாசிப்புகள்

இந்தச் சம்பவம் சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் சுற்ற விடுகிறார்கள் என்று பாருங்கள். 'பார்த்தீர்களா, அம்பேத்கரை அவமதித்தவர்கள் முஸ்லிம்கள்' என்று முடிக்கிற கூட்டம் ஒன்று. அவர்கள் கையில் இருக்கும் படத்தில் தௌலதாபாத் மட்டும்தான் இருக்கும். மகாட் இருக்காது, காலாராம் கோயில் இருக்காது.

அம்பேத்கர் இதை எழுதிய சிறு நூலை, 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் நாம் படிக்கிற நூலை, முழுதாக எடுத்துப் படியுங்கள். அவர் மறைந்த பிறகே, 1990இல் அது தனி நூலாக வந்தது. சிறு வயதில் கோரேகாவ் போகும் வழியில் மாட்டு வண்டிக்காரர் செய்தது, பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டியது, சாலிஸ்காவில் குதிரை வண்டி ஓட்ட ஆள் மறுத்து விபத்தானது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வருகிறார். அந்த வரிசையில்தான் தௌலதாபாத் வருகிறது. அவர் வைக்கும் வாதம் தெளிவானது: இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவன், முஸ்லிமுக்கும் தீண்டத்தகாதவன். நோய் பிறந்த வீடு எது, பரவிய வீடுகள் எவை என்று அவர் காட்டுகிறார். பரவிய வீட்டை மட்டும் காட்டி, பிறந்த வீட்டை மறைப்பதற்கு அந்த எழுத்து எங்கேயும் இடம் கொடுக்கவில்லை.

இன்னொரு பாதி நம் நட்பு முகாமில் இருக்கிறது. சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் இதைப் பேச வேண்டாம், எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்கிறார்கள் சில தோழர்கள். அக்கறை புரிகிறது. ஆனால் நாம் பேசாமல் விட்டால், மற்றவர்கள் தங்கள் பாதியை மட்டும் பேசுவார்கள். அதோடு, முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே அஷ்ரப், அஜ்லப், அர்சால் என்ற அடுக்குகள் இருப்பதை அம்பேத்கர் 'பாகிஸ்தான்' நூலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையைக் கொண்டே காட்டினார். அந்த அடியடுக்கில் இருக்கும் முஸ்லிம்கள் இன்று தங்கள் குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாம் மௌனமானால் அவர்களையும் சேர்த்துக் கைவிடுகிறோம்.

வாசலில் அம்பேத்கர் கேட்ட கேள்விக்கு அந்தக் கூட்டம் ஏன் பதில் சொல்லவில்லை? மதம் மாறினால் தண்ணீர் எடுக்கலாம் என்றால், தண்ணீரில் தீட்டு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். மாறினாலும் எடுக்கக் கூடாது என்றால், தங்கள் மதம் பேசும் சமத்துவத்தைத் தாங்களே மறுத்ததாகும். இரண்டு பதிலையும் சொல்ல முடியவில்லை. அந்த மௌனத்தில்தான் சாதி பிடிபட்டது. அது வேதத்தில் இருந்து வந்தாலும், வேதத்தை நம்பாதவர்களிடமும் வேலை செய்கிறது. அக்கம்பக்கம் எல்லோரும் ஒருவனை மிதிக்கும்போது, மிதிக்காமல் நிற்பது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைக்க வைக்கிறது.

கோட்டையின் நீண்ட வரலாறு இங்கேதான் உதவுகிறது. யாதவர், கில்ஜி, துக்ளக், பாமினி, நிஜாம் ஷாகி, முகலாயர், அசஃப் ஜாகி. கொடியில் இருந்த சின்னம் மாறியது, பெயர் மாறியது, கோயில் தூண் மசூதித் தூணானது, மசூதி மந்திர் ஆனது. ஒவ்வொரு மாற்றத்தையும் தங்கள் வெற்றி என்றோ தங்கள் காயம் என்றோ இன்றும் பலர் சண்டை போடுகிறார்கள். இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் 1934இல் வாசல் குளத்தின் விதி எந்த வேதியரும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. எந்த வெற்றியாளரும் அதில் கை வைக்கத் தேவை இருக்கவில்லை. வெட்டியும் வரியும் கீழே இருந்து தடையில்லாமல் வந்துகொண்டிருந்தால், மேலே இருப்பவனுக்குக் கிராமத்தின் சாதி ஒழுங்கு வசதியானதுதான்.

உள்ளூர்க்காரர்கள்

இளம் தோழர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். கூட்டம் அம்பேத்கரின் குழுவைத் திட்டியபோது, நாங்கள் வெளியூர், இங்குள்ள வழக்கம் தெரியாது என்று குழுவினர் சொன்னார்கள். உடனே கோபம் முழுவதும் உள்ளூர்த் தலித்துகள் மேல் திரும்பியது. இந்தக் குளத்தைத் தொடக் கூடாது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். குழு குளத்தில் கை நனைத்தபோது பாவம் அவர்கள் அங்கே இல்லவே இல்லை என்பதை அம்பேத்கர் தவறாமல் பதிவு செய்கிறார். விசாரிக்காமல் கை வைத்தது தங்கள் குழுதான் என்றும் எழுதுகிறார்.

தேநீர் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த மக்களை நினைத்துப் பாருங்கள். வண்டிகள் அன்றே அவுரங்காபாத் போய்விடும். அடுத்த நாள் அதே ஊரில், அதே முகங்களுக்கு நடுவில் வாழப்போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பது எந்த நூலிலும் நான் பார்க்காத பக்கம்.

களப்பணியில் இது எனக்குத் தினமும் வரும் கேள்வி. ஒரு கிராமத்துக்கு உண்மை அறியும் குழு போகிறது. படம் எடுக்கிறோம், அறிக்கை எழுதுகிறோம், நேரலை போடுகிறோம். மாலையில் பஸ் ஏறிவிடுகிறோம். மறுநாள் அந்தத் தெருவில் ஒரு அம்மாவுக்கு வயல் வேலை நின்றுபோகிறது, கடையில் கடன் நின்றுபோகிறது, நம்மிடம் பேசிய பையனை டீக்கடையில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். போகக் கூடாது என்பதல்ல என் வாதம். போவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டுப் போங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எந்தக் குளம், எந்தத் தெரு, எந்த ஆள் என்ற விவரம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பவும் போங்கள். போராட்டத்தின் விலையை யார் கொடுக்கப்போகிறார்களோ, அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்குத்தான்.

பெயர் மாற்றமும் நாமும்

அந்தக் கோட்டைக்குத் தேவகிரி என்ற பழைய பெயரைத் திரும்ப வைக்க வேண்டும் என்ற பேச்சு மகாராஷ்டிராவில் எழுந்திருக்கிறது. வைத்தாலும் வைப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே இன்னொரு பெயர் மாற்ற வரலாறு இருக்கிறது. அவுரங்காபாத்தில் 1950இல் கல்லூரி தொடங்கி அந்த வட்டாரத் தலித் பிள்ளைகளுக்கு உயர்கல்வியைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். மிலிந்த் கல்லூரி என்று அது இன்றும் இருக்கிறது. அதே நகரத்தின் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைக்க 1978இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டதும், மராத்வாடா முழுக்கத் தலித் குடியிருப்புகள் எரிந்தன, மக்கள் கொல்லப்பட்டார்கள். 16 ஆண்டுகள் போராடி, 1994 ஜனவரி 14 அன்றுதான் அம்பேத்கர் பெயர் வந்தது. அதுவும் மராத்வாடா என்ற பழைய பெயரோடு சேர்த்து ஒட்டிய பெயராக. நகரத்துக்கும் கோட்டைக்கும் பெயர் மாற்றுவது பண்பாட்டு மீட்பு என்கிறார்கள். நாம் ஒரு பெயர் கேட்டபோது எங்கள் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

ஆகவே கோட்டைக்கு எந்தப் பெயர் என்ற சண்டையில் ஒரு பக்கம் சேர நான் அவசரப்படமாட்டேன். நம் கோரிக்கை வேறு. தௌலதாபாத்தைப் பற்றிய பாடத்தில் துக்ளக்கோடு 1934உம் இடம்பெற வேண்டும். வழிகாட்டிகள் சுரங்கப்பாதையின் தந்திரத்தை விவரிக்கிற அதே ஆர்வத்தோடு, வாசல் குளத்தின் கதையையும் சொல்ல வேண்டும். உலகப் போர் முகாம்களை ஐரோப்பா வெட்கத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. நாம் நம் குளங்களை அப்படி நினைவில் வைக்கப் பழக வேண்டும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சமத்துவம் என்ற பெரிய சொல்லோடு அது நிற்கவில்லை. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. உலகத்துக்குப் பொதுவான உரிமைகளை எழுதும் ஆவணத்தில் குளம் என்ற சொல் எதற்கு என்று வெளிநாட்டு மாணவர் ஒருவருக்குத் தோன்றலாம். மகாட்டும் தௌலதாபாத்தும் தெரிந்த நமக்குத் தோன்றாது. அந்த வரைவுக்குழுவின் தலைவர் கோட்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரையும் தொடாமல் நடந்து திரும்பியவர்.

2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தியைக் கேட்ட தலைமுறை நீங்கள். 15ஆம் பிரிவு இருந்தும் இது நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை கல்லூரிச் சுற்றுலாவில் எந்தக் கோட்டைக்குப் போனாலும், உச்சியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. இறங்கி வரும்போது கூட வருகிறவர்களிடம் நாலு கேள்வி போடுங்கள். இதை வெட்டியது யார்? உள்ளே தண்ணீர் குடித்தது யார்? வாசலுக்கு வெளியே குடியிருந்தது யார்? இந்தப் பலகையில் அவர்கள் பெயர் ஏன் இல்லை? விடை கிடைக்காவிட்டால் அந்த ஊர்ச் சேரிக்குள் போய்ப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். கோட்டையைப் பற்றிய மிச்ச வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது.